விஸ்லரின் அந்திப்புனல்

அந்தி நேர நீர்ப்பரப்பைத் தீட்டிய ஓவியங்களுள் விஸ்லரின் ‘நீலமும் பொன்னும்: பழைய பாட்டர்சீப் பாலம்’ தனித்து எண்ணத்தக்கது. 1872-க்கும் 1875-க்கும் இடையில் தீட்டப்பெற்ற அது இன்று இலண்டன் டேட் ஓவியக் கூடத்தில் உள்ளது. தேம்ஸ் ஆற்றில் ஒற்றைத் தூண் ஓங்கி நிற்கிறது, அடியில் படகோட்டி ஒருவன், தொலைவில் கரைவிளக்குகள், வானில் வாணவேடிக்கையின் பொற்பொறிகள். இவ்வளவே பொருள்.

1878-இல் ரஸ்கின்மீது விஸ்லர் தொடுத்த அவதூறு வழக்கில் இப்படமும் நீதிமன்றத்தில் காட்டப்பெற்றது. சான்றளித்த ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், வண்ணம் நன்றெனினும் அமைப்பும் நுண்விவரமும் இல்லை என்றார். இக்கூற்றை நாம் உடன்படோம். விஸ்லர் எண்ணெய் வண்ணத்தை நீர்போல் நெகிழ்த்தி, அதனைக் ‘குழம்பு’ என்றே அழைத்தார். வழிந்தோடாதபடி துணியைக் கிடத்தித் தீட்டுவதும் உண்டு. அகன்ற தூரிகையின் நெடிய வீச்சுகள் நீரோடு கிடையாகச் செல்கின்றன. ஒளி வடிய வடிய நீரும் கரையும் வேறுபாடழிந்து ஒன்றாவது அந்தியின் இயல்பு. அம்மயக்கம் இங்கு வண்ணத்தின் மென்மையாலேயே விளைகிறது. தடித்த பூச்சில் அது கைகூடாது. மெய்ப்பாடு வேறு, உத்தி வேறு எனப் பிரித்தற்கு இடனில்லை.

கண்டதை மனத்திற் பதித்துப் பின்னர்ப் பணிக்கூடத்தில் தீட்டுவது அவர் வழக்கம். நினைவு சிறியனவற்றை விட்டுவிடும். நுண்விவரம் குறைந்ததன் காரணம் இதுவே. பாலத்தை உள்ளதினும் உயர்த்தியதோ, ஹிரோஷிகேயின் சப்பானிய அச்சோவியங்களைப் பயின்றதன் பயன்.

பாலத்தின்மேல் உள்ளவை மனித உருவங்களா என நீதிபதி வினவினார். விரும்பியவாறு கொள்க என்னும் பொருள்பட விஸ்லர் விடையிறுத்தார். (வழக்கில் வென்ற அவர் பெற்ற இழப்பீடு ஒரு ஃபார்த்திங்கே.) அவ்விடையைச் செருக்கெனக் கொள்வார் கொள்க, அந்தியில் தொலைவில் நிற்போர் உருவம் அங்ஙனமே தோன்றும்.