விற்றவரும் விலைபோனவரும்

வணிகத்தைத் தமிழிலக்கியம் இழிதொழிலாக எண்ணியதில்லை. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அளவில் வஞ்சியாதவர்; விலையை ஒளியாதவர். வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியிலே வணிகரைத்தான் நிறுத்துகிறார். எனினும் சிலப்பதிகாரத்தில் வேறொரு காட்சி உண்டு. மதுரை வீதியில் ஒற்றைச் சிலம்போடு விற்க நின்ற கோவலனுக்காக, ‘இவனை நான் அறிவேன்’ என்று சொல்ல அவ்விடத்தில் ஒருவரும் இலர். கடல் கடந்து குடியேறிய நமக்கு அக்காட்சி தனியே உறைக்கும். அயலூரில் அறிமுகம் என்பதே அரண் அன்றோ?

அந்த அறிமுகத்தையே முதலாகக் கொண்டு நடக்கும் வாணிபம் ஒன்று நம்மிடையே புகுந்து பல ஆண்டுகள் ஆயின. பல்லடுக்கு வணிகம் என்றும், சங்கிலித் தொடர் வணிகம் என்றும், எம்.எல்.எம். என்றும் அதனை அழைக்கிறோம். சத்துமாவு டப்பாவோ, சோப்போ, தங்க நாணயமோ கைமாறும் பொருளாக இருக்கும். ஆனால் உண்மையில் விலைபேசப்படுவது உறவு. அபர்தீன் கடைவீதியிலும் ஜங்கிலிகாட்டிலும் இதன் பொருட்டுக் கதவு தட்டாத தமிழ் வீடு அரிது. (சங்கக் கூட்டங்களின் தேநீர் வேளையும் இதற்கு விலக்கன்று என்பதை உறுப்பினர் அறிவர்.) இவ்வாறு விற்பவரை நம் கலையும் எழுத்தும் எவ்வாறு நோக்கியுள்ளன என்பதை ஈண்டுக் காண்போம்.

முதலில் திரைப்படம். எச். வினோத் இயக்கி 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘சதுரங்க வேட்டை’, மோசடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிய படம். மண்ணுள்ளிப் பாம்பு, இரிடியக் கலசம் ஆகியவற்றோடு சங்கிலித் தொடர் வணிகமும் அதில் இடம்பெறுகிறது. அரங்கம் நிறைந்த கூட்டத்தின்முன் நாயகன் காந்தி பாபு ஆற்றும் உரையின் அமைப்பு, அத்தகைய கூட்டங்களுக்குச் சென்றவர் எவரும் அடையாளம் காணத்தக்க அளவு செம்மையானது. ஆனால் படத்தின் அனுதாபம் எங்கே விழுகிறது? ஏமாற்றியவனுக்குத் துயர்மிகுந்த இளமையும், காதலும், மனமாற்றமும் அளிக்கப்படுகின்றன. ஏமாந்தவர்க்கு அளிக்கப்படுவது நம் சிரிப்பு மட்டுமே. ஆசைப்பட்டான், அழிந்தான் என்று கணக்கு முடிக்கப்படுகிறது. அந்த அரங்கில் அமர்ந்திருந்தவர் மறுநாள் காலையில் தம் தமக்கையின் வீட்டுக்குச் சென்று அதே உரையை ஆற்றியிருப்பாரே, அவரைப் படம் பின்தொடரவில்லை. கதையின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து.

புதுமைப்பித்தன் இவ்வகையில் நுட்பமானவர். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைக் கடவுளைப் பற்றிய கேலியாகவே பெரும்பாலோர் படிக்கின்றனர். நாம் அதனை விற்பனைக் கதையாகவும் படிக்கலாம் என்போம். நேரில் வந்த இறைவனிடமே தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார் பிள்ளை; இருபத்தைந்து ரூபாய் முடிவில் வரவும் வைக்கப்படுகிறது. ஆயினும் அவரை நாம் வெறுப்பதில்லை. பத்திரிகையை அவர் மெய்யாகவே நம்புகிறார். விருந்தினர்க்கு இலை போட்டுச் சோறும் இடுகிறார். விற்பவரின் நப்பாசையையும் நேர்மையையும் ஒருசேரக் காண அவரால் முடிந்தது.

இவ்விரண்டினும் நமக்கு நெருங்கியது கங்காணியின் கதை. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’, மயிலோடைக் கிராமத்துக் கருப்பனும் வள்ளியும் ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்டதைச் சொல்லும் நாவல். 2013இல் பாலாவின் ‘பரதேசி’ அதனைத் தழுவி வந்தது. தான் அழைத்துச் சென்ற ஒவ்வொரு தலைக்கும் காசு பெற்றவன் கங்காணி. இலங்கையிலும் மலேயாவிலும் அவன் ஆள் திரட்டியது பெரும்பாலும் தன் ஊரில், தன் சாதியில், தன் சுற்றத்தில். நம் தீவுகளில் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் முன்னோர் அவ்வழியே கடல் கடந்தவர்கள். ஆள் சேர்த்தால் பணம் என்னும் ஏற்பாடு தமிழர்க்குப் புதிதன்று. கங்காணியும் பலவிடத்து முன்னாள் கூலியே. ஆனால் நாவலிலும் படத்திலும் அவன் முழுக் கொடியவனாகவே நிற்கிறான். அவன் உள்ளம் நமக்குத் திறக்கப்படவில்லை.

சட்டம் இந்த இடைநிலை மனிதரை எழுத்தாளரினும் கூர்ந்து நோக்கியது. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், அத்திட்டங்களை நடத்துவதை மட்டுமன்றி, உறுப்பினராகச் சேர்வதையும் தடுத்தது. 2021 திசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், பொருளை விற்றதற்கு ஊதியம் பெறலாம், ஆள் சேர்த்ததற்குப் பெறலாகாது என்று கோடு கிழித்தன. மெய்யாகவே பொருள் விற்றுப் பிழைப்போரை இந்தக் கோட்டுக்கு இப்பால் வைத்தே நாம் பேசவேண்டும்.

கோட்டுக்கு அப்பால் உள்ளதன் கணக்கு எளியது. ஒருவர் இருவரைச் சேர்க்க, அவர் ஒவ்வொருவரும் இருவரைச் சேர்க்க, 18ஆம் அடுக்குக்கு மட்டும் 2,62,144 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. மேலடுக்குகளில் இருப்போரையும் கூட்டினால், தொட்டிற் குழந்தை முதல் அனைவரையும் சேர்த்தும் அந்த அடுக்கு நிரம்பாது. தமிழரிடையே மட்டும் சுழன்றால் மூச்சு இன்னும் முன்னதாகவே நின்றுவிடும். நாம் இங்கு நூற்றுக்குப் பதினைவர் அளவினரே.

கணக்குத் தெரிந்தும் ஏன் விடமாட்டேன் என்கின்றனர்? 2024 சனவரியில் கோவை நீலாம்பூரில், காவல்துறை வழக்குக்கு உள்ளான மைவி3 ஆட்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவாக அதன் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். இதழ்கள் பேராசை என்றன. அவ்விளக்கம் நமக்குப் போதவில்லை. தம் பணம் போனால் மனிதன் அழுவான். தம் சொல்லை நம்பிய மைத்துனன் பணம் போனால் எந்த முகத்தோடு ஊரில் நடப்பான்? நிறுவனம் நேர்மையானது என்று அவன் நம்பித்தான் ஆகவேண்டும். அந்நம்பிக்கை வீழ்ந்தால், அவன் ஏமாந்தவன் மட்டுமல்லன், ஏமாற்றியவனும் ஆகிறான்.

நம் ஏளனமும் இதற்குத் துணைபோகிறது. சுற்றத்தார் சிரிப்பர், பொருட்படுத்தாதீர் என்று அக்கூட்டங்களில் முன்னரே சொல்லி வைக்கின்றனர். நாம் சிரிக்கும்போது அந்த வாக்குப் பலிக்கிறது. ‘வாங்க அக்கா’ என்று நேற்றுவரை அழைத்தவர் கதவிடுக்கில் பார்த்து விளக்கை அணைத்தால், அந்த அக்காவுக்கு மிஞ்சுவது அவரைச் சேர்த்துவிட்ட கூட்டமே. மெயின்லாந்தில் ஒரு தெருவில் முகம் சுளித்தால் அடுத்த தெரு உண்டு. இங்கு மறுவாரம் அதே ரேஷன் கடையில், அதே முருகன் கோயிற் பிரகாரத்தில், அல்லது சென்னைக் கப்பலில் மூன்று நாள் எதிரெதிர்ப் படுக்கையில் அவரைக் கண்டாக வேண்டும்.

தீவில் எழுதும் இளைஞர் எவரேனும் அப்படுக்கைகளில் ஒன்றிலிருந்து ஒரு நாவலைத் தொடங்கலாம். விற்காத டப்பாக்கள் நிறைந்த பெட்டி தலைமாட்டில். எதிரே, பணம் போட்ட தம்பி மனைவி. அலை அதிகமாதலால் இருவராலும் மேல்தளத்துக்குப் போக இயலவில்லை. முதல் நாள் இரவு யார் முதலில் பேசுவார் என்பதிலேயே ஐம்பது பக்கம் எழுதலாம்.