கதவைத் திறக்க மின்சாரம் வேண்டுமா?

மின்சார காரின் கதவு திறக்க மறுக்கும்போது பழி பெரும்பாலும் காரை ஓட்டும் பெரிய பேட்டரி மீது விழுகிறது. உண்மையில் கதவை ஆள்வது வேறொன்று. பெட்ரோல் காரில் இருப்பதுபோல இதிலும் பொதுவாகச் சிறிய 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. பட்டனை அழுத்தினால் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தகவல் போகிறது. அது ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார், கதவைப் பிடித்து வைத்திருக்கும் லாட்சின் கொக்கியை விடுவிக்கிறது. இதுதான் மின் லாட்ச். பழைய கதவில் கைப்பிடிக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு கம்பியோ கேபிளோ மட்டும்தான் இருந்தது.

மின் லாட்சால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபிரேம் இல்லாத கண்ணாடிக் கதவு திறக்கும்முன் கண்ணாடி சற்றுக் கீழே இறங்க வேண்டும். அதை இது சுலபமாக்குகிறது. லெக்ஸஸ் என்எக்ஸ் காரில், பின்னாலிருந்து சைக்கிள் வருவதை சென்சார் கண்டால் கதவு திறக்காது. சாலையில் போகிறவரின் உயிரைக் காக்கும் வசதி அது. காற்றுத்தடை குறையும் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கைப்பிடி கதவோடு சமமாகப் படிந்திருப்பது வேறு, உள்ளே கொக்கியை விடுவிப்பது மோட்டாரா கம்பியா என்பது வேறு.

2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 2021-ஆம் ஆண்டு மாடல் டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 மீது விசாரணை தொடங்கியது. பெற்றோர் இறங்கிய பின், குழந்தை பின்சீட்டில் இருக்கையில், வெளியிலிருந்து கதவு திறக்கவில்லை என்று புகார்கள் வந்திருந்தன. சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். மின்னழுத்தம் குறைந்ததே காரணமாகத் தெரிகிறது. பேட்டரி பற்றி முன்னெச்சரிக்கை வந்ததாகப் புகார் தந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

உள்ளே கையால் திறக்க வழி இருக்கிறதே என்று நிறுவனத்தின் தரப்பில் வாதிடலாம். முன்கதவில் அது நியாயமான வாதம்: ஜன்னல் பட்டன்களுக்கு முன்னால் உள்ள லீவரைத் தூக்கினால் போதும். பின்கதவுக்கு வாருங்கள். கதவுப் பையின் அடியில் இருக்கும் விரிப்பை எடுக்க வேண்டும். சிவப்பு நாக்கை அழுத்தி மூடியைக் கழற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் கேபிளை முன்பக்கமாக இழுக்க வேண்டும். எல்லா மாடல் ஒய் கார்களிலும் இதுவும் கிடையாது என்று அந்த நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. பெல்ட்டில் கட்டப்பட்ட மூன்று வயதுக் குழந்தை இதைச் செய்யுமா? புகை சூழ்ந்தால் பெரியவர்தான் செய்வாரா?

ஃபோர்டின் கதை இன்னும் நுட்பமானது. 2025 ஜூனில் அது மஸ்டாங் மாக்-இ கார்கள் சுமார் 1,97,000-ஐத் திரும்ப அழைத்தது. அந்தக் காரில் உட்கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும். ஆனால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால், முன்னால் இருந்தவர்கள் இறங்கிக் கதவை மூடிய பின் வெளியிலிருந்து கதவு திறக்காமல் போகலாம்; பின்சீட்டுக் குழந்தை உள்ளே சிக்கிவிடலாம். உள்பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சாஃப்ட்வேரைத் திருத்தித் தீர்வு தந்தார்கள். பேட்டரி இறங்கும் வாய்ப்பை அது குறைக்கலாம். இறங்கிவிட்ட பேட்டரியை வைத்துக்கொண்டு வெளியே நிற்கும் தாய்க்கு அது உதவாது.

விபத்து நேரத்தில் நிலைமை இன்னும் கடுமை. 2024 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பீட்மான்ட் நகரில் ஒரு சைபர்ட்ரக் மோதித் தீப்பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். நண்பர் ஒருவர் கண்ணாடியை உடைத்து ஒருவரை மட்டும் மீட்டார். வண்டி மோதியதற்குக் கதவு காரணமல்ல. மோதிய பின் அவர்களால் வெளியே வர முடிந்ததா என்பதுதான் குடும்பத்தினர் தொடுத்த வழக்கின் கேள்வி.

அப்படியானால் மின் லாட்சே வேண்டாமா? லெக்ஸஸ் அதற்கு விடை தந்துவிட்டது. உள்ளே அதே பிடியை இரண்டு முறை இழுத்தால் மின்சாரம் இல்லாமலே கதவு திறக்கும். பதறும் கை பழகிய இடத்துக்குத்தான் போகும். திறப்பும் அங்கேயே இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் டெஸ்லாவின் வடிவமைப்புத் தலைவர் ஃபிரான்ஸ் வான் ஹோல்ஷௌசனும் இரண்டு திறப்புகளையும் ஒன்றாக்கும் வேலை நடப்பதாகச் சொன்னார். செய்ய முடிந்த ஒன்று முதலிலேயே ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வி அதன்பின் இன்னும் வலுக்கிறது.

ஆக, மின் லாட்ச் குற்றவாளி அல்ல. கைத்திறப்பை ஒளித்துவைத்ததும் வெளிப்பக்கத்தில் அடியோடு நீக்கியதும்தான் குற்றம். 2027 ஜனவரி 1 முதல் உள்ளும் வெளியும் இயந்திரத் திறப்பைச் சீனா கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த விதி சரியானது. மற்ற நாடுகளும் இதைத் தாமதமின்றிப் பின்பற்ற வேண்டும். மாடல் ஒய் 2025 ஜூலை முதல் இந்தியாவிலும் விற்பனையில் இருக்கிறது. மின் லாட்ச் உள்ள எந்தக் காரை வாங்கினாலும், ஷோரூமிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து, மின்சாரம் இல்லாமல் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெளியே நின்றும் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள்.