எழுபதைத் தாண்டிய குரல்கள்

1965இல் இங்கிலாந்தின் 'தி ஹூ' குழு 'மை ஜெனரேஷன்' பாடலை வெளியிட்டது. பெரியவர்களின் உலகத்தையே தூக்கி எறியும் ஆவேசம் அந்தப் பாட்டில் இருந்தது. எழுதிய பீட் டவுன்ஷெண்டுக்கு அப்போது வயது 20. அதே டவுன்ஷெண்டும் பாடகர் ரோஜர் டால்ட்ரியும் 2019 டிசம்பரில் 'ஹூ' என்ற புதிய ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு 74 வயது, மற்றவருக்கு 75. குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன் 1978இலும் பேஸ் கிதார் வாசித்த ஜான் என்ட்விசில் 2002இலும் இறந்துவிட்டார்கள். இளமையைப் பாடப் புறப்பட்ட தலைமுறை இன்று தாத்தாக்களாக மேடையேறுகிறது. அவர்களுடைய புதிய பாடல்களுக்கு இன்னும் மதிப்பு உண்டா?

மேடையை மட்டும் பார்த்தால் இல்லை என்றே தோன்றும். பெருந்தொகை கொடுத்து வருகிறவர்கள் தங்கள் இருபது வயதில் கேட்ட பாட்டை மறுபடி கேட்கவே வருகிறார்கள். "இது புதிய பாட்டு" என்று பாடகர் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து வெளியே நடக்கும். விமர்சகர்களும் புதிய ஆல்பத்தைக் கையில் எடுத்ததுமே நாற்பது வருடத்துக்கு முந்தைய சாதனையை அதன் பக்கத்தில் வைத்து அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் எந்த முதியவராலும் தேற முடியாது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? ராக் இசையின் தாய்வீடு புளூஸ். அங்கே முதுமைக்கு ஒருபோதும் தடை இருந்ததில்லை. மிசிசிப்பியில் பிறந்த பி.பி. கிங் தன் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தை 2008இல், 82 வயதில் வெளியிட்டார். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. உட்கார்ந்து வாசித்த அந்தக் கிழவரிடம் யாரும் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. வயதுத் தடையை விதித்தது 1950, 60களின் இசைத்தட்டு வியாபாரம். கையில் காசு புரளத் தொடங்கிய பதின்வயதினரிடம் அது இளமையையே சரக்காக விற்றது. அந்த விளம்பரத்தை இசையின் இலக்கணமாக நாம் நம்பிவிட்டோம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கதை இதற்கு நல்ல சான்று. 2005க்குப் பிறகு தாங்களே எழுதிய பாடல்களுடன் அவர்கள் ஆல்பம் கொண்டுவர 18 ஆண்டுகள் ஆயின. 2023 அக்டோபரில் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' வந்தபோது மிக் ஜாகருக்கு வயது 80. 2021இல் மறைந்த சார்லி வாட்ஸின் டிரம்ஸ் அதில் இரண்டு பாடல்களில் ஒலிக்கிறது. ஆல்பத்தின் பெரும்பகுதி துடிப்பானது, பளபளப்பானது. ஆனால் இளம் ரோலிங் ஸ்டோன்ஸை முதிய ரோலிங் ஸ்டோன்ஸ் நடித்துக் காட்டுவதுபோல இருக்கிறது. கடைசிப் பாட்டில்தான் அந்த வேடம் கலைகிறது. மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த, அவர்களுக்குப் பெயரையே தந்த புளூஸ் பாடலை ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் இருவர் மட்டுமாக வாசிக்கிறார்கள். ஒரு கிதார், ஒரு மவுத் ஆர்கன், அறுபது வருட நட்பு. அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் யாரையும் நடிக்கவில்லை.

அதே ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இளைஞர்களாக இருந்தபோது எழுதிக்கொடுத்த 'ஆஸ் டியர்ஸ் கோ பை' பாடலை மார்யான் ஃபெய்த்ஃபுல் 1964இல், 17 வயதில் பாடினார். சாயங்கால வேளையில் குழந்தைகள் விளையாடுவதைத் தள்ளி உட்கார்ந்து பார்க்கும் ஒருவரின் மனம் அது. பள்ளிப் பருவம் தாண்டாத பெண்ணின் தெளிந்த குரலில் அந்தச் சோகம் இரவல் வாங்கியதாகவே ஒலித்தது. பிறகு போதைப்பழக்கமும் புகையும் நோயும் அந்தக் குரலைத் தேய்த்துக் கரகரப்பாக்கின. 1987இல், 40 வயதில் மீண்டும் அதே பாட்டைப் பாடினார். 2018இல், 71 வயதில் மூன்றாம் முறை. சொற்கள் மாறவில்லை. பாடியவர் அந்தச் சொற்களின் வயதுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

பாப் டிலன் இதைத் தன் வழியாகவே ஆக்கிக்கொண்டார். 1997இல், 56 வயதில் வெளியிட்ட 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பெற்றது. உடைந்த குரலை அவர் மறைக்கவில்லை. களைப்பையும் காலத்தையும் பேச அதையே கருவியாக்கினார். 2016இல் நோபல் பரிசு பெற்ற பிறகும் நிற்கவில்லை. கென்னடி கொலையை மையமாக வைத்து ஏறத்தாழ 17 நிமிடம் நீளும் 'மர்டர் மோஸ்ட் ஃபௌல்' 2020இல் வந்தபோது அவருக்கு 79 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாடல்களுக்கான பில்போர்டு பட்டியல் ஒன்றில் அவருடைய சொந்தக் குரல் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அடுத்து அவர் மேற்கொண்ட நீண்ட பயணத்தில் ஒவ்வொரு கச்சேரியிலும் ஏறக்குறைய பாதி, 2020இல் வந்த புதிய ஆல்பத்தின் பாடல்கள். கூட்டம் கேட்டதைக் கொடுக்காமல் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார்.

லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் முன்னால் 2007இல் இரண்டு பாதைகள் இருந்தன. டிசம்பரில் லண்டனில் பழைய குழு ஒரே ஓர் இரவு கூடியது. உலகச் சுற்றுப்பயணம் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் போகவில்லை. அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த ஆலிசன் கிராஸுடன் சேர்ந்து அடங்கிய குரலில் பாடிய 'ரெய்சிங் சேண்ட்' பக்கம் நின்றார். 2009இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது.

மரணம் வாசலில் நிற்கும்போது எழுந்த படைப்புகள் தனி வகை. லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில், நடமாட முடியாத நிலையில், மகன் ஆடமின் துணையோடு லெனார்ட் கோஹன் 'யூ வாண்ட் இட் டார்க்கர்' ஆல்பத்தைப் பாடினார். பின்னணியில் அவர் சிறுவனாகப் போய்வந்த மாண்ட்ரியல் யூத ஆலயத்தின் பாடகர் குழு. 2016 அக்டோபர் 21இல் ஆல்பம் வந்தது. நவம்பர் 7இல் 82 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஜனவரி 8, டேவிட் போவியின் 69ஆம் பிறந்தநாளில் 'பிளாக்ஸ்டார்' வெளியானது. நியூயார்க்கின் ஜாஸ் கலைஞர்களோடு, அதுவரை தான் போகாத திசையில் சென்று செய்த ஆல்பம். இரண்டு நாள் கழித்து அவர் மறைந்த பிறகே புற்றுநோய்ச் செய்தி உலகுக்குத் தெரிந்தது.

கலைஞர்களின் இறுதிக்கால நடை பற்றி இலக்கிய விமர்சகர் எட்வர்ட் செய்த் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 2006இல் வெளிவந்தது. பீத்தோவன் பற்றிய தத்துவவாதி அடோர்னோவின் சிந்தனையிலிருந்து புறப்படும் அந்நூல், முதுமை என்றாலே சாந்தமும் சமரசமும் என்ற எண்ணத்தை மறுக்கிறது. பிணங்கியபடியே, முடிச்சுகளை அவிழ்க்காமலே விட்டுச்செல்லும் முதுமையும் உண்டு. போவியும் டிலனும் அந்த வரிசையில் வருபவர்கள்.

முதியவர்களின் எல்லாப் புதிய ஆல்பமும் மேலானது என்று சொல்ல மாட்டேன். சுற்றுப்பயணத்துக்குச் சாக்காக வந்தவை ஏராளம். அவை மறக்கப்படுவதில் நஷ்டமில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பிரித்துவிடலாம்: இந்தப் பாட்டை இருபது வயதில் இவர் பாடியிருக்க முடியுமா? முடியாது என்றால் அந்தப் பாட்டு நமக்கு வேண்டும். ஏனென்றால் நாமும் அந்த வயதுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபெய்த்ஃபுல் 2025 ஜனவரியில் காலமானார். அவர் 17, 40, 71 வயதுகளில் பாடிய அந்த ஒரே பாட்டை வரிசையாகக் கேளுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. மூன்றாவதைக் கேட்ட பிறகு, இவர்கள் ஏன் இன்னும் பாடுகிறார்கள் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.