கோடையில் வீட்டுத் தோட்டம்: கள்ளக்குறிச்சியும் யாழ்ப்பாணமும்

கோடையில் வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுவது கட்டுப்படியாகுமா என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் கேட்டால், பங்குனியில் ஒரு பதிலும் வைகாசியில் வேறொரு பதிலும் கிடைக்கும். பங்குனியில் கத்தரியும் வெண்டையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சும். அக்னி நட்சத்திரம் கழிவதற்குள் பாதிச் செடி பட்டுப்போகும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இவை மழையில்லாத மாதங்கள்தான். ஆனாலும் அங்குள்ள வீட்டு வளவுகளில் பயற்றங்காயும் பாகலும் கீரையும் அடுப்படிக்கு வந்துகொண்டிருக்கும். இரண்டு ஊர்த் தோட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேறுபாட்டின் வேர் தண்ணீருக்குக் கொடுக்கும் விலையில் இருப்பது தெரியும்.

முதலில் வெயில். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் சமவெளியில் சித்திரை, வைகாசி வெப்பம் 40 டிகிரியை ஒட்டிப் போகும். 35 டிகிரிக்கு மேல் சில நாள் நீடித்தாலே தக்காளியின் மகரந்தம் செயலிழக்கத் தொடங்கும். காலையில் குனிந்து பார்த்தால் பூக்காம்பின் கணு மஞ்சளாகியிருக்கும். விரல் பட்டதும் பூ கையோடு வந்துவிடும். வெண்டையில் வெள்ளை ஈ இறங்கினால் இலை நரம்புகள் மட்டும் மஞ்சளாகத் தெரியும், காய் வெளுத்து முற்றிப்போகும். அந்தத் தேமல் நோய்க்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிவிடுவதே வழி. பீர்க்கும் பாகலும் சூட்டில் ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும். பந்தல் பச்சைப்பசேலென்று இருக்கும், காய் இருக்காது.

யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் கடல் இருப்பதால் அங்கே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது அரிது. அங்கே தோட்டத்துக்குப் பகை காற்று. வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று ஆவணி வரை ஓயாது. பந்தலைச் சாய்க்கும், இலையைக் கிழிக்கும், பாத்தியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால்தான் அங்கே தோட்டத்துக்கு முதல் வேலை வேலி. பூவரசு, கிளுவை என்று நிற்கும், பனையோலை அடைத்த உயிர்வேலி காற்றையும் தடுக்கிறது, மண்ணுக்குத் தழையும் தருகிறது.

அடுத்தது தண்ணீர். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள், கடல்நீரின் மேல் மிதக்கும் மழைநீர்தான் கிணற்றில் ஊறுகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். அந்தத் தண்ணீரையும் ஒரு காலத்தில் துலா என்னும் ஏற்றத்தில் ஏறி மிதிக்க ஒருவர், இறைக்கும் பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற்ற ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்துதான் பாத்திக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் உரமும் கிடைக்காமல் போனபோது மக்கள் மறுபடி துலாவைத் தேடினார்கள். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 இலங்கை ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த தண்ணீரை எவரும் வீணாக விடமாட்டார்கள். கிணற்றடியில் குளிக்கும் நீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போகும். அந்த ஓரத்து ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படரும்.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் நிலத்தடியில் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் நிற்கும் நீர்தான் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும். கமலை கட்டி மாட்டைக்கொண்டு இறைத்த காலம் இங்கும் இருந்தது. 1990ஐ ஒட்டி விவசாயப் பம்புசெட்டுகளுக்கு முழு இலவச மின்சாரம் வந்தது. 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது. எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றிய சலுகைகள் இவை. ஆனால் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் என்றானதும் அளவு மறந்துவிட்டது. நண்பகலில் ஹோஸ் பைப்பைத் திறந்து கொல்லையை வெள்ளமாக்குகிறோம். பாதி ஆவியாகிறது, மீதி வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. சித்திரையில் கோமுகி அணையும் மணிமுக்தா அணையும் வற்றும்போது போர்வெல்லிலும் காற்றுதான் வருகிறது. விலையை நாமும் கொடுக்கிறோம், ஆண்டுக்காண்டு ஆழம் கூடும் போர்வெல் செலவாக.

மண்ணுக்குத் தழை சேர்க்கும் வழக்கத்தில்தான் யாழ்ப்பாணம் நம்மை வெகுவாக முந்துகிறது. பூவரசு, சீமைக்கிளுவைத் தழையை வெட்டிக் குழியிலும் சாலிலும் தாழ்த்துவார்கள். பழைய வேலி ஓலையையும் தோட்டத்து மண்ணில் புதைப்பார்கள். அந்தத் தழைப்பசளை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மக்கி எருவாகவும் ஆகிறது. அங்கே குறையில்லாமல் இல்லை. வணிகத் தோட்டங்களில் கொட்டிய யூரியா நைட்ரேட்டாகக் குடிநீர்க் கிணறுகளில் இறங்கிவிட்டது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, விளைச்சல் சரிந்ததும் அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. எருவும் தழையும் மண்ணில் சேர ஆண்டுகள் ஆகும். ஒரு போகத்துக்குள் அரசாணையால் சேர்த்துவிட முடியாது.

அரசுகள் வீட்டுத் தோட்டத்தைத் தேடி வந்த விதமும் வேறு. தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் விதை, பை, தென்னை நார்க்கழிவு அடங்கிய மாடித் தோட்டப் பெட்டியை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. இலங்கையில் 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடி முற்றிய நேரத்தில், அரசு ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். அந்தச் செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அவர்களுக்குத் தோட்டம் சாப்பாட்டுப் பிரச்சினை. நமக்குத் தலைவாசல் சந்தை பக்கத்தில் இருக்கிறது. அங்கே விலை சரிந்தால் கொல்லையை மறந்துவிடுகிறோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதுபோல் எப்போதாவது ஏறினால் ஓடிப்போய் நாற்று தேடுகிறோம்.

கல்வராயன் மலையில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. வெள்ளிமலை வட்டாரத்தில் சாமையும் தினையும் துவரையும் மொச்சையும் மழையை நம்பி விதைப்பவை. கோடையில் ஓடை வற்றினால் காய்கறிக்கு இறைக்கத் தண்ணீர் ஏது? ஆகவே மலைக் குடும்பம் கோடைக்கென்று சேமிக்கிறது. காய்ந்த மொச்சையும் துவரையும் வீட்டில் இருக்கும்; முற்றிய பரங்கி மாதக்கணக்கில் கெடாது; விதையைச் சாம்பல் புரட்டி அடுத்த மழைக்கு எடுத்துவைப்பார்கள். மரங்களும் கைகொடுக்கும். பலாக்காய், மாங்காய், முருங்கை எல்லாம் வெயிலில் தருபவை. இலங்கையில் ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நடச் சொல்லி இயக்கமே நடத்தினார். சிங்கள மக்கள் அவரைப் ‘பலா மாமா’ என்றே அழைத்தார்கள். வேர் ஆழமாக இறங்கிய மரத்தைவிட நம்பகமான கோடைக் காய்கறி இல்லை.

ஆகவே, கோடைத் தோட்டம் கட்டுப்படியாகும், பயிரைத் தெரிந்து போட்டால். சித்திரையில் தக்காளிக்காக மல்லுக்கட்ட வேண்டாம். கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, கொடிப்பசலை, கத்தரி ஆகியவை சூடு தாங்குபவை. புடலைப் பந்தலின் நிழலில் கீரை விதைக்கலாம். தண்ணீரை விடியலில் அல்லது அந்தியில் வேரடிக்கு மட்டும் விடுங்கள். சோப்புக் கலக்காத பாத்திரம் கழுவும் நீரை வாழைக்குத் திருப்புங்கள். தக்காளியும் மற்றவையும் ஆடிப்பட்டத்துக்குக் காத்திருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் மாதங்களில் நம் வயல்களில் கரும்பின் காய்ந்த இலையான சோகை மலையாகக் கிடக்கிறது. பெரும்பாலும் அங்கேயே கொளுத்திவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் வேலியில் வெட்டிச் சுமந்துவரும் தழையின் வேலையை நமக்கு அந்தச் சோகை செய்யும். நறுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, தண்டைத் தொடாமல் நாலு விரல் கனத்துக்குப் பாத்தியில் பரப்புங்கள். உலர்ந்தபடி போட்டால் கறையான் ஏறும். கரைசலில் நனைந்தால் சீக்கிரம் மக்கும். அடுத்த வெட்டில் தீக்குச்சியை எடுக்குமுன் இரண்டு கட்டுச் சோகையையாவது வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவாருங்கள்.