ஒரு பாட்டும் இரு காட்சிகளும்

கொடைக்கானல் மலையில் நாயுடுபுரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞனின் அடக்க ஆராதனையை நடத்தும் பொறுப்பு, 2024ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நமக்கு வந்தது. அவ்விடத்து ஆயர் வெளியூர் சென்றிருந்தார். நாமோ ஓய்வுக்காக மலைக்குச் சென்றிருந்தோம். இறந்தவன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டியின் ஓட்டுநன். மழையில் சாலையோரம் சரிந்து, வண்டி பள்ளத்தில் உருண்டதாகச் சொன்னார்கள். ஆலயத்திலிருந்து கல்லறைத் தோட்டத்திற்குப் புறப்படும் வேளையில் அவனுடைய தோழர் நால்வர் நம்மிடம் வந்தனர். "ஐயா, மண் போடுவதற்கு முன் ஒரே ஒரு பாட்டு. செல்போனில் போட்டுக்கொள்கிறோம்" என்றனர். எந்தப் பாட்டு என்று கேட்டோம். 'குணா' படத்தில் வரும் 'கண்மணி அன்போடு' என்றனர். நாம் மறுத்தோம். கடிந்துகொள்ளவில்லை, எனினும் மேற்கொண்டு பேச இடம் வைக்காமல் மறுத்தோம். அவர்கள் தலையசைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கச் சென்றார்கள்.

திரைப்படப் பாட்டொன்றை இவ்விதழின் பக்கங்களில் ஆராய்வதைச் சில வாசகர் விரும்பாதிருக்கலாம். ஆனால் அடக்க ஆராதனை நடத்தும் ஊழியர் எவருக்கும் இக்கேள்வி இன்றோ நாளையோ வரத்தான் போகிறது. நாம் அன்று கூறிய மறுமொழி சரிதானா என்று பார்ப்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

'குணா' 1991ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் தீபாவளியன்று வெளிவந்தது. சந்தான பாரதி இயக்கிய படம், இசை இளையராஜா, பாட்டை இயற்றியவர் வாலி, பாடியவர்கள் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும். அதே நாளில் வெளியான 'தளபதி'யின் அருகே இது வணிக வெற்றி பெறாமற்போயிற்று. சித்தம் கலங்கிய ஒருவன், அபிராமி என்னும் தெய்வப்பெண் தனக்கென வருவாள் என்று நம்பிக் காத்திருக்கிறான். கோயிலில் ஒரு செல்வப் பெண்ணைக் கண்டு, அவளே அபிராமி என்று எண்ணி மலைக்குக் கடத்திச் செல்கிறான். அவளுடைய உண்மைப் பெயர் ரோகிணி. அப்பெயர் அவனுக்குத் தேவையில்லை. படத்தின் முக்கியப் பகுதிகள் தூண் பாறைக்கு அருகிலுள்ள குகையில் எடுக்கப்பட்டன. ஐரோப்பியர் அதனைப் 'பிசாசின் சமையலறை' என்று பொருள்படும் பெயரால் வழங்கிவந்தனர். இன்று அதனை யாவரும் 'குணா குகை' என்றே அறிவர். மலையெங்கும் ஆலயங்கள் கட்டிய நாம் மாற்றாமல் விட்ட பெயரை ஒரு திரைப்படம் மாற்றிவிட்டது!

அப்பாட்டின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அவன் அவளுக்குக் கடிதம் எழுத விரும்புகிறான். உள்ளத்தில் பொங்குவது எழுத்தில் வரவில்லை. ஆகவே அவன் பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே போக, அவள் எழுதிக்கொள்கிறாள். எழுதியதைப் பாட்டாக்கித் திருப்பிப் பாடுகிறாள். அவனுடைய கரடுமுரடான உரைநடை அவள் வாயில் இசையாகிறது. நம் வழிபாட்டு முறைமையில் குருவானவர் ஒரு வாக்கியம் சொல்லச் சபையார் மறுமொழி பாடுவதை இது நமக்கு நினைவூட்டியது. கடிதம் யாருக்கு எழுதப்படுகிறதோ அவளே அதை எழுதுகிறாள் என்பதில் அழகும் உண்டு, அச்சமும் உண்டு. ஏனெனில் அவள் அங்கே சிறைப்பட்டவள். இப்பாட்டைக் கேட்டு உருகுவோர் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். முடிவை நெருங்குகையில், தன் அன்பு மனிதர் அறியும் காதலைக் கடந்தது, புனிதமானது என்று அவன் கூறுகிறான். 1991ஆம் ஆண்டின் காட்சியில் இது ஒரு நோயாளியின் கூற்று. மனிதப் பெண்ணைத் தெய்வமாக்கி, அவளுடைய பெயரையும் விருப்பத்தையும் அழித்துவிட்ட அன்பைப் புனிதம் என்று திருமறை கற்ற எவரும் ஒப்புக்கொள்ளார். நாம் மறுத்தபோது நம் மனத்தில் இருந்தது இந்தக் காட்சியே.

ஆனால் அந்நால்வர் மனத்தில் இருந்தது வேறொரு காட்சி. அதனை நாம் அப்போது பார்த்திருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சிதம்பரம் என்பவர் இயக்கத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வெளிவந்தது. தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலேயே தமிழ்நாட்டில் பெருந்திரளான மக்கள் அதனைப் பார்த்தனர். 200 கோடி ரூபாய் வசூலைக் கடந்த முதல் மலையாளப் படமும் அதுவே. கொச்சியை அடுத்த மஞ்ஞும்மல் என்னும் ஊரின் நண்பர் குழு ஒன்று 2006ஆம் ஆண்டு கொடைக்கானலுக்கு வந்து, இதே குகைக்குச் சென்றது. தடை செய்யப்பட்ட பகுதியில் ஒருவன் பாறை இடுக்கில் விழுந்தான். அங்கே விழுந்த எவரும் மீண்டதில்லை என்று உள்ளூரார் கைவிரித்த நிலையில், நண்பன் ஒருவன் கயிற்றில் தொங்கி உள்ளே இறங்கி, விழுந்தவனைத் தன்னோடு கட்டிக்கொண்டு மேலே வந்தான். இது நடந்த நிகழ்ச்சி. படத்தின் தொடக்கத்தில் வடமிழுக்கும் போட்டியில் தோற்கும் அதே இளைஞர்கள், இறுதியில் குழியின் வாயில் நின்று கயிற்றை இழுக்கின்றனர். சேறும் இரத்தமும் பூசிய இரண்டு உடல்கள் வெளிச்சத்தை எட்டும் அந்நொடியில், 33 ஆண்டுகளுக்கு முந்திய அப்பாட்டு ஒலிக்கிறது.

திரையரங்குகளில் மக்கள் எழுந்து நின்றதாகக் கேள்விப்பட்டிருந்தோம். பிற்பாடு படத்தைப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. அங்கே காதலன் இல்லை, காதலி இல்லை, கடிதமும் இல்லை. சொல் ஒன்றும் மாறவில்லை, இராகமும் மாறவில்லை. எனினும் மனிதக் காதலைக் கடந்தது என்ற அதே கூற்று, சித்தம் கலங்கியவன் வாயில் மிகையாக இருந்தது, கயிற்றின் முனையில் உண்மையாகிவிட்டது. இனி இப்பாட்டைக் கேட்கும் இளந்தலைமுறையினர் பலருக்குக் கண்முன் வருவது இந்தக் குழியின் வாயே.

பாட்டு ஒன்று காட்சியோடு பிணைந்துபோவது புதிதன்று. 'காசாபிளாங்கா' (1942) என்ற அமெரிக்கப் படத்தோடு உலகம் இணைத்துப் பேசும் பாட்டு, உண்மையில் 1931ஆம் ஆண்டு ஒரு மேடை நாடகத்திற்காக எழுதப்பட்டது. அந்நாடகத்தை இன்று நினைப்பார் அரியர். நம் நாட்டிலும் 'தளபதி'யின் பாட்டு ஒன்று 2018இல் வந்த '96' படத்தில் வேறொரு பிரிவுத் துயரைச் சுமந்து நின்றது. இவை ஒரு காதலிலிருந்து மற்றொரு காதலுக்குச் சென்ற பாட்டுகள். நாம் ஆராயும் பாட்டோ காதலைவிட்டே வெளியேறியிருக்கிறது, வியப்பு அதுவே.

நம் திருச்சபைக்கு இது அந்நியமான செய்தியா? பாடுகளின் வாரத்தில் கண்ணீரோடு நாம் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' என்ற ஞானப்பாட்டின் இராகம் எங்கிருந்து வந்தது என்று மாணவரைக் கேட்டால் பெரும்பாலோர் பாக் எனும் இசைமேதையின் பெயரைச் சொல்வர். அது ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு காதற்பாட்டின் இராகம். ஒரு பெண்ணால் மனங்கலங்கிய வாலிபனின் புலம்பல் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1613இல், சாவை எதிர்நோக்கும் விசுவாசியின் பாட்டுக்கு அதே இராகம் இணைக்கப்பட்டது. அதன் பிறகே பவுல் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாட்டு அதில் அமர்ந்தது. காதலிலிருந்து கல்லறைக்கு, கல்லறையிலிருந்து கல்வாரிக்கு! அன்றைய ஆயர் எவரேனும், இது பெண்ணைப் பாடிய இராகம் என்று கதவைச் சாத்தியிருந்தால் நமக்கு எவ்வளவு பெரிய இழப்பு! தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டளவில் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றியபோதும் இதைத்தானே செய்தார்? உலா வரும் தலைவனைக் கண்டு மயங்கும் தலைவியின் இலக்கிய வகையை எடுத்து, அத்தலைவியைச் சபையாக்கினார். அண்மைக் காலத்தில், 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று நாம் அன்போடு அழைத்தவர், நாட்டுப்புற மெட்டுகளைத் திருவிருந்து மேசைவரை கொண்டுவந்தார். முகஞ்சுளித்தவர்கள் இருந்தனர். அவர்களும் பின்னர் தாளம் போட்டார்கள்.

எனினும் ஹாஸ்லரின் சொற்கள் மேலே வரவில்லை, இராகம் மட்டுமே வந்தது என்று மறுப்போர் கூறலாம். சரியான மறுப்பே. இப்பாட்டிலோ சொற்களும் கூடவே வந்துவிட்டன. அபிராமியின் பெயரும் அதில் இருக்கிறது. ஆகையால் இதனை ஆராதனைப் பாட்டாக்கலாம் என்று நாம் வாதிடவில்லை. மெட்டைத் திருடி இயேசுவின் பெயரை நுழைக்கும் மலிவான வேலையையும் நாம் ஆதரிக்கவில்லை. (பாட்டுக்கு உரிமை கோரி இளையராஜா 2024 மே மாதம் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியதை வாசகர் அறிவர். நம் பாடற்குழுவினர் இதனையும் சிந்திப்பது நலம்.) நாம் கேட்பது வேறு: ஒரு கூற்று முதற்காட்சியில் பொய்யாகவும் இரண்டாம் காட்சியில் மெய்யாகவும் ஒலிப்பதற்கு எது காரணம்? ஆண்டர்ஸ் நீக்ரன் 1930களில் எழுதிய நூலை வைத்து, தன்னை நாடும் ஈரோஸ் வேறு, தன்னைத் தரும் அகாப்பே வேறு என்று வகுப்பில் கோடு கிழித்துக் கற்பிக்கிறோம். அக்கோட்டின் இருபுறமும் ஒரே பாட்டு நிற்கும்போது நம் கோடு சற்றே தடுமாறுகிறது. சொற்களை மட்டும் வைத்து அன்பின் தரத்தை அளக்க இயலாது போலும். யார் இறங்கினான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எரேமியா 38ஆம் அதிகாரத்தை இங்கே நினைக்கிறோம். தண்ணீரற்ற துரவில், சேற்றில் அமிழ்ந்திருந்த தீர்க்கதரிசியை மீட்டவன் எபெத்மெலேக்கு என்னும் அந்நிய நாட்டான். அவன் கயிற்றை மட்டும் கொண்டுவரவில்லை. பழங்கந்தைகளைத் தேடி எடுத்து, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னான். பிரசங்கங்களில் அக்கந்தையைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வலிக்கும் இடத்தை முன்னறிந்த அன்பு அது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தின் சிறந்த பகுதிகளில் இந்தக் கந்தையின் நுட்பம் உண்டு.

ஆனால் அப்படத்தை முழுதும் போற்ற நம்மால் இயலவில்லை. தடுப்பைத் தாண்டியது அவ்விளைஞரின் சொந்த மதியீனம். பாட்டு எழும்பும் வேகத்தில் அது கழுவப்பட்டுவிடுகிறது. பாவ அறிக்கை இன்றியே பாவமன்னிப்பு வழங்கப்படுகிறது. படம் வெளிவந்த பின் அதே தடுப்பைத் தாண்டி இறங்கிய வாலிபர்கள் பிடிபட்டதும் உண்டு. பாட்டு அவர்களைக் கயிற்றிடம் அழைக்கவில்லை, குழியிடம் அழைத்தது. மேலும் அந்தக் குகை பெரும்பாவூரில் கலை இயக்குநர் அமைத்த செயற்கைக் குகை. உண்மைக் குழியின் அடியில் மீளாமற்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை. மீட்கப்பட்டவனின் பாட்டைக் கொண்டாடுவது எளிது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. அதனையும் திருமறையில் வைத்தவர்கள் நம் முன்னோர்.

இங்கேதான் நாயுடுபுரத்து நால்வரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. அடக்கம் முடிந்து நாம் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், சபை மூப்பர் ஒருவர் இயல்பாகச் சொன்னார்: மீட்புப் படையினர் வந்து சேருமுன், அந்த மழையில், வண்டியில் கட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியவர்கள் அந்த நால்வரே. மேலே கொண்டுவரும் வழியில் அவன் உயிர் பிரிந்தது. அவர்கள் கைகளில் துணி சுற்றியிருந்ததை நாம் ஆலயத்திலேயே பார்த்தோம். ஏன் என்று கேட்கவில்லை.

அவர்கள் நம்மிடம் கேட்டது திரைப்படப் பாட்டா? தாங்கள் செய்ததற்கும், செய்து முடிக்க இயலாமற்போனதற்கும் அவர்களிடம் இருந்த ஒரே மொழி அதுதான். பாமாலையில் அதற்கு ஈடான பாட்டு இல்லையா என்றால் இருக்கிறது. அதனை அவர்களுக்கு நாம் கற்பித்திருந்தோமா என்றால் இல்லை. ஆராதனையின் நடுவே அப்பாட்டை ஒலிக்கவிட்டிருக்க வேண்டும் என்று இப்பொழுதும் நாம் கூறவில்லை. மண் போடுவதற்கு முன்னான அந்த ஐந்து நிமிடத்தில், ஆசீர்வாதம் கூறி முடித்தபின், நாம் சற்று விலகி நின்றிருக்கலாம். எந்தக் காட்சியை நினைத்து அதைக் கேட்கிறீர்கள் என்றாவது வினவியிருக்கலாம்.

முதலாமாண்டு நினைவு ஆராதனைக்கு, 2025இல், மீண்டும் சென்றோம். எரேமியா 38ஐ வாசித்து, கந்தையைப் பற்றிப் பேசினோம். முடிந்தபின் நால்வரையும் கல்லறை அருகே அழைத்து, நாம் சென்ற ஆண்டு மறுத்ததைக் குறிப்பிட்டு, விரும்பினால் இப்பொழுது அப்பாட்டைப் போடலாம் என்றோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "வேண்டாம் ஐயா, அன்றைக்கே போட்டுவிட்டோம். நீங்கள் போனபிறகு" என்றான் மூத்தவன்.