நிருவாகம் ஒருபுறம், நிதி ஒருபுறம்: பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பள்ளியை அரசு சாராத ஓர் அமைப்பு நிருவகிக்கலாமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1991இல் இயற்றிய சட்டத்தின்வழி ‘சார்ட்டர்’ பள்ளிகள் தோன்றின. பொதுநிதியைப் பெற்று, ஒப்பந்த அடிப்படையில், தனி நிருவாகத்தின்கீழ் இயங்கும் பள்ளிகள் இவை. தன்னாட்சி பள்ளியை உயர்த்தும் என்பது ஆதரிப்போர் வாதம். பொதுக்கல்விக்கு உரிய வளம் சிதறிப்போகும் என்பது எதிர்ப்போர் வாதம். மலேசியாவில் இதற்கு நெருக்கமான முயற்சி, கசானா நேஷனல் நிறுவிய யாயாசான் அமிர், கல்வியமைச்சுடன் இணைந்து 2011இல் தொடங்கிய அமானா பள்ளித் திட்டமாகும். 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டம் இத்தகைய பள்ளிகளை 500 ஆகப் பெருக்க இலக்கு வகுத்தது.

இவ்விவாதத்தில் நாம் சேர்க்க விரும்பும் கருத்து ஒன்றுண்டு. நிருவாகத்தைச் சமூகத்திடமும் நிதியை அரசிடமும் பிரித்து வைக்கும் ஏற்பாடு மலேசியத் தமிழர்க்குப் புதிதன்று. பகுதி அரசாங்க உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஏற்பாட்டிலேயே வாழ்ந்து வருகின்றன. அவற்றின் அனுபவம் இவ்விவாதத்திற்கு ஒரு சான்றாக அமையும்.

இரட்டை ஏற்பாட்டின் தோற்றம்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் தோட்ட நிருவாகங்களின் நிலத்தில் எழுந்தவை. நகர்ப்புறப் பள்ளிகளுள் பலவற்றை ஆலயங்களும் சங்கங்களும் அறநிலையங்களும் தோற்றுவித்தன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இவற்றைத் தேசியக் கல்வி அமைப்பினுள் கொண்டுவந்தன. அப்போது பாடத்திட்டமும் ஆசிரியர் ஊதியமும் அரசின் பொறுப்பாயின. நிலமோ பழைய உரிமையாளரிடமே நின்றது. நிலம் அரசுக்குரியதாக இருப்பின் முழு உதவி, இல்லையேல் பகுதி உதவி என்னும் நடைமுறை இவ்வாறு வேரூன்றியது. இன்றுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறுபவையே.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்காத சீன இடைநிலைப் பள்ளிகள் சில, தனியார் பள்ளிகளாகவே நின்று கட்டணத்தாலும் சமூக நன்கொடையாலும் வளர்ந்தன. தோட்டத் தொழிலாளரைப் பெரும்பான்மையாகக் கொண்ட தமிழ்ச் சமூகத்திற்கு அத்தகைய பொருள்வலிமை இருக்கவில்லை. ஆகவே, தன்னாட்சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்று நம்மைக் கூறுதல் பொருந்தாது. கட்டடச் சுமை நம்மேல் தங்கிவிட்டது என்பதே பொருந்தும்.

சட்டமும் நடைமுறையும்

இங்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘அரசாங்க உதவி பெறும் கல்விக்கூடம்’ என்பதை மூலதன மானியமும் முழு உதவி மானியமும் பெறுவது என்றே அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. நிலம், கட்டடம், இருக்கும் கட்டடத்தை மாற்றியமைத்தல் அல்லது விரிவாக்குதல் ஆகியவற்றுக்கான செலவும் மூலதன மானியத்துள் அடங்கும். ‘பகுதி உதவி’ என்னும் வகைப்பாடு இவ்வரையறையில் இல்லை; அது நிருவாக வழக்கில் நிலைபெற்றது. நிலத்தை ஒப்படைத்தால்தான் கட்டடத்திற்குப் பணம் என்னும் நிலைப்பாட்டை இவ்வரையறையைக் கொண்டு வினவ முடியும் என்று நாம் கருதுகிறோம்.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. கூட்டரசு நீதிமன்றம் 2024இல் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. இருப்புரிமை இவ்வாறு உறுதிபெற்றபின், எஞ்சி நிற்பது வளத்திற்கான உரிமையே.

கிள்ளான் பள்ளத்தாக்கு காட்டும் உண்மை

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய வேகத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தெளிவாகக் காணலாம். நிலம் விற்கப்படும்போது, அதன்மேல் நிற்கும் பள்ளியின் எதிர்காலம் மேம்பாட்டு நிறுவனத்துடனான பேச்சுவார்த்தையைச் சார்ந்துவிடுகிறது. அங்கே பள்ளி மேலாளர் வாரியம் விழிப்புடன் இருந்தால் பள்ளிக்குப் புதிய நிலம் கிட்டும். பெயரளவில் இயங்கும் வாரியமாயின் வாய்ப்பு கைநழுவும்.

கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டிலேயே மிகுதியான மாணவர்களைக் கொண்டது. மறுமுனையில், 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள தமிழ்ப்பள்ளிகள் பல. பிரிக்பீல்ட்ஸ் போன்ற பழைய நகர்ப்பகுதியில் ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்களுள் வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் இருப்பர்; அவர்கள் கூடி நிதி திரட்டுவது எளிது. குடியிருப்பாளர் வெளியேறிவிட்ட தோட்டத்துப் பள்ளிக்கு அவ்வாய்ப்பு இல்லை. நிதியைச் சமூகத்திடம் விட்டுவிட்டால், வசதியுள்ள சமூகத்தின் பள்ளியே வளரும். சார்ட்டர் பள்ளிகளைக் குறித்த அச்சமும் இதுவே.

சிலாங்கூர் மாநில அரசு 2008க்குப் பின் தமிழ்ப்பள்ளிகளுக்கெனத் தனி நிதி வழங்கி வருவது வரவேற்கத்தக்கது. கூட்டரசும் சிறப்பு ஒதுக்கீடுகளை அறிவித்துள்ளது. எனினும் சிறப்பு ஒதுக்கீடு என்பது அறிவிப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது; ஆட்சி மாறினால் அதுவும் மாறலாம். கூரை ஒழுகுவதைச் சரிசெய்யத் தலைமையாசிரியர் அரசியல்வாதியை அணுக வேண்டியிருப்பின், அது கல்வி நிதியாகாது, கொடையேயாகும்.

மறுப்பும் விளக்கமும்

நிலத்தை அரசிடம் ஒப்படைத்து முழு உதவிப் பள்ளியாக மாறிவிடலாமே என்று கேட்கலாம். ஒப்படைத்தபின் பள்ளியின் அடையாளத்தில் சமூகத்திற்குச் சொல்லுரிமை இராது என்னும் அச்சத்தைப் புறந்தள்ள இயலாது. கல்வியமைச்சர் விரும்பினால் தேசிய மாதிரிப் பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றலாம் என்னும் 21(2)ஆம் பிரிவு 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருந்தது. அவ்வச்சத்திற்கு அது வரலாற்றுக் காரணம். அதே வேளையில், ஆண்டுக்கூட்டமும் கணக்கறிக்கையுமின்றி நடக்கும் வாரியம் சமூகத்தின் பெயரால் உரிமை கோரவும் இயலாது. பொதுநிதி கேட்கும் வாரியம் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும்.

முடிவுரை

அமானா பள்ளியாயினும் பகுதி உதவிப் பள்ளியாயினும், நிருவாகத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது இரண்டாம் வினாவே. குழந்தையின் வகுப்பறைக்குப் பொறுப்பு யார் என்பதே முதல் வினா. நிருவாக உரிமை சமூகத்திடம் இருக்கலாம். ஆனால் அதனைக் காரணம் காட்டி நிதிப் பொறுப்பினின்று அரசு விலகுதல் தகாது. மாணவர் தொகை, கட்டடத்தின் நிலை, இடத்தின் தேவை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு, நில உரிமை யாருடையதாயினும் ஆண்டுதோறும் தானாகவே சேரும் மானியமே பகுதி உதவிப் பள்ளிகளுக்குத் தேவை. தமிழ்க்கல்வி ஆய்வாளரும் ஆசிரியரும் ஒவ்வொரு பள்ளியின் நில உரிமை, வாரியத்தின் நிலை, பெற்ற நிதி ஆகியவற்றை முறையாக ஆவணப்படுத்தினால், இக்கோரிக்கை உணர்ச்சி முழக்கமாக நில்லாமல் சான்றுடைய வாதமாக அமையும்.