விஷமம் உண்டோ?

கேரள மலையோரத்துத் தமிழ்க் குழந்தைகளுக்காக உழைத்த மலையாள உளவியலாளர் யாராவது ஓய்வுபெற்றாலோ விருது வாங்கினாலோ, வாழ்த்துரையில் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடும்: மொழி அவருக்கு ஒரு தடையாகவே இருந்ததில்லை. சித்தூர் தாலுகாவிலும் அட்டப்பாடியிலும் மூணாறு எஸ்டேட்டுகளிலும் இதைப் பல குரல்களில் கேட்டாயிற்று. அவருக்குத் தடையாக இருந்திருக்காதுதான். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு?

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடலாம். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள், உள்ளாட்சிகள் நடத்தும் 'பட்ஸ்' சிறப்புப் பள்ளிகள் என்று கேரளம் விரித்திருக்கும் வலை பல மாநிலங்களில் இல்லை. மூணாறில் 1991இல் தொடங்கிய 'சிருஷ்டி' அமைப்பு, தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 'டேர்' பள்ளியைத் தந்தது. அவர்கள் வளர்ந்த பிறகு சாயமிட 'ஆரண்யா'வையும் காகிதம் செய்ய 'அதுல்யா'வையும் தந்தது. லயத்து வீட்டு மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர்கள் அங்கே உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். மலைமேல் இருக்கும் வட்டவடைக்கு ஜீப்பில் ஏறி இறங்குவதே ஒரு நாள் வேலை. அதைச் சம்பளத்துக்காக மட்டும் ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்ய மாட்டார். இவ்வளவும் சரி.

உளவியலாளர் தூக்கிக்கொண்டு ஏறும் சோதனைப் பெட்டியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதில் இருக்கும் பினே-காமத் சோதனை, 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்தியது. மாலின் சோதனை, அமெரிக்காவின் வெக்ஸ்லர் அளவுகோலை நாக்பூரில் வைத்து 1969இல் இந்தியாவுக்காக வெட்டித் தைத்தது. மறையூர்ப் பிள்ளையிடம் வந்து சேரும்போது அதே கேள்விகள் மலையாளத்தில் வாய்மொழியாகப் பெயர்ந்திருக்கும். தமிழ்ப் பிள்ளை என்பதால் நடுநடுவே இரண்டு தமிழ்ச் சொல்லும் விழும். இதற்கு அறிவுச் சோதனை என்று பெயர். எனக்கு இது மொழிபெயர்ப்புத் தேர்வாகத்தான் தெரிகிறது. அதையும் எழுதுவது பிள்ளை, திருத்துவது மொழிபெயர்த்தவர்.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். அவற்றின்படி, தாயிடம் கேட்டுக் கணக்கிடும் சமூக முதிர்ச்சி எண் 55க்கும் 69க்கும் நடுவில் வந்தால் 50 விழுக்காடு ஊனம் என்று இருந்தது. 70ஐத் தொட்டுவிட்டால் 25 விழுக்காடு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான சலுகைகள் 40 விழுக்காட்டில் தொடங்குகின்றன. ஒரு கேள்வி புரிந்ததா இல்லையா என்பதில் பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் விழும், அல்லது அந்தப் பக்கம். இல்லாத குறையை ஒட்டிவைப்பதும், இருக்கும் குறைக்குரிய உதவியைத் தட்டிவிடுவதும் இரண்டுமே நடக்கலாம்.

உடனே ஒரு பதில் வரும்: மலையாளமும் தமிழும் அக்கா தங்கைதானே, பிள்ளைக்குப் புரியாதா? ஆபத்தே அந்த உறவில்தான் இருக்கிறது. முழுக்க அந்நிய மொழியாக இருந்தால் பிள்ளை விழிக்கும். உளவியலாளர் துபாஷியைத் தேடுவார். அக்காவின் மொழியில் பிள்ளை புரிந்துகொண்டதாகவே நினைத்துத் தவறான பதில் சொல்லும். மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம். தமிழில் குறும்பு. மனம் நொந்து கிடக்கும் பிள்ளையிடம் 'விஷமம் உண்டோ?' என்று கேட்டால், நான் ஒரு சேட்டையும் பண்ணவில்லையே என்று அது அவசரமாகத் தலையாட்டி மறுக்கும். வருத்தம் இல்லை என்று குறிப்பில் ஏறிவிடும். 'பேடி' அங்கே பயம், இங்கே வசை. 'வெள்ளம்' அங்கே குடிக்கும் தண்ணீர். இங்கே ஆற்றில் வருவது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அப்படியொரு இரவைத் தாண்டி வந்த பிள்ளையிடம் வெள்ளத்தையும் விஷமத்தையும் பேடியையும் எந்த மொழியில் கேட்பது என்பது இலக்கணச் சந்தேகம் அல்ல.

எழுத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். தமிழில் ஒரே 'க'. மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு. தமிழ் வழியில் நான்காம் வகுப்பு வரை படித்துவிட்டு மலையாள வகுப்புக்கு மாறிய பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் வைத்தால், நான்கையும் ஒன்றாகவே எழுதும். அதன் காதில் பழகிய இலக்கணப்படி அது சரியாகத்தான் எழுதியிருக்கிறது. எழுத்துகளைக் குழப்புவது கற்றல் குறைபாட்டின் அறிகுறி என்று பாடம் படித்துவிட்டு வருபவருக்கோ அங்கே ஒரு நோயாளி தெரிகிறார்.

மொழியே வேண்டாம், படங்களையும் மரக்கட்டைகளையும் வைத்துச் சோதிக்கிறோம் என்பது அடுத்த தற்காப்பு. செகுவின் பலகையில் கட்டையைப் பொருத்தப் பேச்சு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீக்கிரம் பொருத்த வேண்டும், நேரம் ஓடுகிறது என்று யார் எந்த மொழியில் சொன்னார்கள்? சமூக முதிர்ச்சி அளவுகோலோ முழுக்க முழுக்கத் தாயிடம் பேசி நிரப்புவது. காலை முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, அரை நாள் கூலியை விட்டு வந்திருக்கும் தாய், படித்த 'சார்' கேட்கும் மலையாளத்துக்கெல்லாம் 'ஆமாங்க சார்' என்பாள். அது சம்மதம் அல்ல, மரியாதை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மந்தபுத்தி வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்புக்கு மேலே வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த டயானா வழக்கு 1970இல் முடிந்தபோது, பிள்ளையின் தாய்மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே லண்டனில் பெர்னார்ட் கோர்ட், மேற்கிந்தியத் தீவுப் பிள்ளைகளுக்கு இதுவே நடப்பதைச் சிறுநூலாக எழுதினார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கேரள அரசுக்கும் இது தெரியாததல்ல. வயநாட்டில் 'கோத்ரபந்து' என்று பழங்குடி இளைஞர்களையே பள்ளிக்குள் துணை ஆசிரியர்களாகக் கொண்டுவந்தது அதே அரசுதான். வகுப்பறையில் ஒப்புக்கொண்ட நியாயத்தைச் சோதனை அறையின் வாசலில் நிறுத்திவிட்டார்கள். இந்த மலைகளின் பழங்குடிகளான இருளர், முதுவர் பிள்ளைகளுக்குத் தமிழும் இன்னொருவர் மொழிதான் என்பதையும் சொல்ல வேண்டும்; நம் தமிழ்ப் பெருமைக்கு இதில் இடமில்லை.

பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை ஏற்கும் வளர்ப்புக் குடும்பங்களின் கதையும் இதே தவறின் நீட்சி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், காப்பகத்தைவிடக் குடும்பமே மேல் என்கிறது. கேரளம் விடுமுறைக் காலத்துக்கு மட்டும் காப்பகப் பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு வரை போயிருக்கிறது. நல்லது. ஆனால் 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, மாற்றுப் பராமரிப்பைத் தேடும்போது பிள்ளையின் மதம், பண்பாட்டோடு மொழியையும் கருதச் சொல்கிறது. எஸ்டேட்டுப் பிள்ளை ஒன்று மலைக்குக் கீழே மலையாள வீட்டில் இரண்டு வருடம் வளர்ந்தால், அங்கே 'மோனே' என்று அழைப்பவர்களின் அன்பில் குறை இருக்காது. திரும்பும் நாளில் பெற்ற தாயிடம் பேச அதற்குச் சொல் இருக்குமா என்பதே கேள்வி. பார்க்கப் போன உளவியலாளர் 'நன்றாக ஒத்துப்போகிறான்' என்று எழுதுவார். வாய் அடைத்துப்போனதற்கும் அதே சொல்தான் கிடைக்கிறது.

2021இல் இதே மலையோரத்துத் தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். மொழிபெயர்த்துக் கொடுத்த தாளில் ஒரு சொற்றொடர் விடுபட்டிருந்தது. செல்லாது என்று சில நாட்களில் மறுபடி ஏற்கவைத்தார்கள். ஒரு சொற்றொடருக்கு அவ்வளவு கவனம் காட்டத் தெரிந்த மாநிலம் இது. அதே தேவிகுளத்துப் பிள்ளை வாங்கும் ஊனச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஊனத்தின் வகை, விழுக்காடு, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கும். சோதனை எந்த மொழியில் நடந்தது என்று எழுத அதில் ஒரு வரி கிடையாது.